இடது ஓரத்துக்குப் போகும் பந்து

அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வயர்மேனுக்கு ஒரு பழக்கம். மெயினை அணைத்தாயிற்று என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வயரில் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரர், கம்பெனி கால்பந்து அணியில் நடுவில் நின்று ஆடும்போது மட்டும் ஆளே இல்லாத இடத்துக்குப் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் முன்பு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். பேக்கிங் பிரிவில் வேலை. எல்லாரும் அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டான். அதன் பிறகு கேன்டீனில் அவனைத் தெய்வமாக்கிவிட்டார்கள். தங்கமான பையன், அணிக்காக உயிரைக் கொடுத்து ஆடினான் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். வயர்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உயிரைக் குடுத்தானா? பந்து பறிபோனா இடுப்புல கைய வெச்சிட்டு நிப்பான். ஒரு நாளாவது பின்னால ஓடி வந்து தடுத்திருக்கானா? பக்கத்துல ஆள் சும்மா நின்னாலும் பாஸ் தர மாட்டான். கோல் விழுந்தா அவன் அடிச்சது, விழலன்னா நான் பந்து சரியா தரல!”

திட்டி முடித்ததும் மறுபக்கத்தையும் அவரே சொல்வார். பந்து இவர் காலை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் இடது ஓரத்தில் ஓடத் தொடங்கிவிடுவான். இவர் தலைநிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். வந்த பந்தை நிறுத்தாமல், எந்தக் கால் வாகோ அந்தக் காலால் வலைக்குள் தள்ளிவிடுவான். அந்த அவசரம்தான் அவனுக்குக் குறையும்கூட. பாதி நேரம் பந்துக்கு முன்பே தடுப்பாளர்களைத் தாண்டிப் போய் ஆஃப்சைடு ஆகிவிடுவான். ஓரத்தில் கொடி பிடிப்பவர் டைம் ஆபீஸ் கிளார்க். காலையில் அவனுக்கு லேட் போடுகிறவரே, மாலையில் முந்திவிட்டான் என்று கொடியைத் தூக்குவார். அவன் பாட்டுக்கு இடுப்பில் கை வைத்து நிற்பான். சண்டைக்குப் போவது வயர்மேன்தான்.

பசை ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கும் அவன் மனைவி ஒருநாள் இவரை வழியில் நிறுத்தினாள்.

“அவரைத் திட்டுறீங்களாமே அண்ணா?”

“ஆமாம்மா.”

“திட்டுங்க அண்ணா. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன். இவங்க புகழறதைக் கேட்டா வேற யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு.”

சிரித்தாள். பிறகு பசை படாத புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அணியில் அவன் இடத்துக்கு வந்த புதுப் பையன் நல்லவன். பின்னால் இறங்கித் தடுப்பான், பாஸ் தருவான், சொன்ன பேச்சுக் கேட்பான். ஆனால் அந்த ஓரத்தில் ஓட மாட்டான்; வலப்பக்கமே ஒதுங்கி ஆடுவான். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், கேப்டனான ஸ்டோர் கீப்பர் வயர்மேனைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னொரு தடவ ஆளில்லாத எடத்துக்கு அடிச்சீங்கன்னா வெளிய உக்கார வெச்சிடுவேன்.”

வயர்மேன் தலையாட்டினார். உள்ளுக்குள் பயம் கவ்வியது. பந்தை வாங்கித் திரும்பும் அந்த ஒரு கணத்தில் இடப்பக்கம் இப்போதும் அவன் காலடிச் சத்தம் கேட்கும். வியர்வையில் முதுகோடு ஒட்டிய பனியன் கடைக்கண்ணில் தெரியும். வெளியே உட்கார்ந்துவிட்டால் அவனைப் பார்க்க அவருக்கு வேறு இடம் கிடையாது.

பாதி ஆட்டம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கமே பார்த்து ஆடினார். புதுப் பையனுக்கு நல்ல பந்துகளாகக் கொடுத்தார். கேப்டன்கூடக் கைதட்டினார். பிறகு ஒரு பந்து காலுக்கு வந்தது. இடப்பக்கம் அதே சத்தம். யோசிப்பதற்குள் கால் அடித்துவிட்டது. பந்து எதிரணித் தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்து, இடது ஓரத்தில் தன்னந்தனியாக உருண்டது. ஆளை மாற்றச் சொல்லிக் கேப்டன் கையை உயர்த்தினார்.

அதே நேரம் ஓரத்தில் கொடியும் உயர்ந்தது. ஆஃப்சைடு.

புதுப் பையன் நடுக்கோட்டுக்கும் பின்னால் நின்றிருந்தான். முன்னால் இவர்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. வயர்மேன் எப்போதும்போல விறுவிறுவென்று கிளார்க்கிடம் போனார்.

“எங்க சார் ஆஃப்சைடு? சரியாத்தான் ஓடினான்!”

“இல்லப்பா, முந்திட்டான். நான் பாத்தேன்.”

சொன்ன பிறகுதான் கிளார்க் அந்த ஓரத்தைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கேப்டனின் கை மெல்ல இறங்கியது. கிளார்க் மட்டும் கொடியை இறக்கவில்லை.