என் கணவர் பேச ஒரு மோடம்

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் சிங்கப்பூரில், தோ பாயோவில் மூவறை வீட்டில் இருந்தபோது நடந்தது இது.

என் கணவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசியே பழகிவிட்டதால், வீட்டில் ரகசியம் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். குரல் போய்விட்டது.

எங்கள் ஒரே மகள் அப்போது பெர்த்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் செய்தால் இவர் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். நான் வாசித்துச் சொல்வேன். அவர் எழுதி முடிப்பதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குத் தாவியிருப்போம். நாளாக ஆக எழுதுவதையும் விட்டுவிட்டார். போன் மணி அடித்தாலே எழுந்து வெளியே காரிடாருக்குப் போய், கீழே நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அப்பா எங்கம்மா?" என்று மகள் கேட்பாள். "குளிக்கிறாரும்மா" என்பேன். ஒரு மனிதர் எத்தனை முறைதான் குளிப்பார்?

பல்கலைக்கழகக் கணினி வழியாக எழுத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்ற யோசனையை மகள்தான் சொன்னாள். தஞ்சோங் பகாரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கணினி டெர்மினல் ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். பச்சை எழுத்து காட்டும் திரை, ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். கேட்டு வாங்கி டாக்ஸியில் கொண்டுவந்தேன். இணையக் கணக்கும் எடுத்தாயிற்று. தொலைபேசிக் கம்பியோடு அதை இணைக்கும் மோடம்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, பையோடு பக்கத்தில் இருந்த கணினிக் கடைத்தொகுதிக்குப் போனேன். சிகிச்சைச் செலவுக்குப் பிறகு கை இறுக்கமாக இருந்த நேரம். "இருக்கிறதிலேயே மலிவானது கொடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு பச்சை நிற அட்டையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். விலை எனக்குத் தோதாக இருந்தது. பர்ஸைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். இத எதுக்கு வாங்குறீங்க?"

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் டெர்மினலைப் பற்றிச் சொன்னேன்.

"ஐயோ, இது கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற கார்டுக்கா. டெர்மினல்ல இதுக்கு இடமே கிடையாது. வெளிய வைக்கிற பெட்டி மாதிரி மோடம்தான் வேணும்."

அந்த வகை அங்கே இருந்தது. ஆனால் எல்லாம் புதிய, வேகமான மாடல்கள். விலையைக் கேட்டதும் பர்ஸை மூடிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, "யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே நின்றவள், "அண்ணன் எப்படி டைப் பண்ணுவார்?" என்றாள்.

"ரெண்டு விரல்லதான் லா."

"அப்ப வேகம் எதுக்கு?" என்று சிரித்துவிட்டுத் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய மோடத்தை எடுத்தாள். அமெரிக்காவில் இருந்த தம்பியோடு பேச வாங்கியதாம். தம்பிக்கு சிங்கப்பூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. விற்றுவிட்டுப் போகலாம் என்று வந்தால் கடைக்காரர் எடுக்கமாட்டேன் என்கிறாராம். "நீங்க எடுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம். ஒரு நாளைக்கு மீன் குழம்பு போடுங்க, போதும்."

எப்படி இயக்குவது என்று போனிலேயே சொல்லித் தருவதாகத் தன் எண்ணையும் கொடுத்தாள். மறுநாள் மதியம், பெர்த்தில் மகளைக் கணினி முன் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "இப்ப டயல் பண்ணுங்க" என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். இருப்பது ஒரே லைன்; அதில்தான் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்! இருவரும் சிரித்தோம். "இருங்கக்கா, நானே வர்றேன்" என்றாள். பஸ் பிடித்து வந்தும்விட்டாள்.

மோடம் கீச்சிட்டுக் கரகரத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு என் கணவர், இனி இதுதான் என் குரல் என்பதுபோலத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் திரை முழுக்கக் கிறுக்கல்தான் வந்தது. அவள் பதறவில்லை. டெர்மினலின் வேகத்தை மோடத்துக்குத் தக்கபடி மாற்றிவிட்டு மறுபடி டயல் செய்தாள்.

இணைப்புக் கிடைத்ததும் திரை இரண்டாகப் பிரிந்தது; மேலே நாங்கள் அடிப்பது, கீழே மகள் அடிப்பது. கீழ்ப்பாதியில் ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "அப்பா, நீங்களா?"

அவர் விரல் விசைக்கு மேலேயே நின்றது. ஒரு வார்த்தை அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். நாம் அழிப்பதும் அந்தப் பக்கம் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது.

"மெதுவா அடிங்கப்பா. நான் எங்கயும் போகமாட்டேன்."

"குளிருதா?" என்று அடித்தார்.

"ரொம்ப. நீங்க கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அடுத்து அவர் என்ன அடிக்கிறார் என்று நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமலே, போ என்று கையால் விரட்டினார். அவர்களுக்குள் ஏதோ பேசவேண்டுமாம்!

சமையலறைக்கு வந்தேன். அந்தப் பெண்ணும் பின்னால் வந்தாள். நான் அழுவதைப் பார்த்து, "அண்ணன் திட்டிட்டாரா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். கூடத்தில் டக்... டக்... என்று விசை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கு மீனைப் பொரித்து, குழம்பு வைத்து, சோறு போட்டேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் எழுந்து வரவில்லை.

அவருக்காக நானே பேசிவிட்டால் போதும் என்று அத்தனை மாதம் நினைத்திருந்த எனக்கு, அவரே பேச வழி செய்துகொடுத்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துகொள்வதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது; இன்றும் வீட்டில் யாருக்காவது நான் முந்திக்கொண்டு பதில் சொல்லப் போனால், விரட்டிய அந்தக் கை கண்முன் வந்து என்னை நிறுத்திவிடுகிறது.