ஒன்பதாம் பிரிவும் அக்காவின் குரலும்

“நடிகையின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி, அவருடைய குரலுக்குப் பதிலாக வேறொருவரின் குரலைப் படத்தில் சேர்க்கலாகாது.”

அக்கா கதாநாயகியாக நடித்த ஒரே திரைப்படத்துக்கான ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு இது. நினைவு மலர்க் கட்டுரையைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆயினும் வழக்கமும் விதியும் முரண்பட்டால் விதியே செல்லும் என்று அரச அலுவலகங்களில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். ஆகவே விதியை முதலில் வைத்தேன். அது மீறப்பட்டது. மீறலைச் சரிசெய்வதே அக்காவின் கடைசி வருடங்களின் வேலையாக இருந்தது. இனி வழக்கத்துக்கு வருகிறேன்.

அக்கா பிறந்தது அப்புத்தளைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில். அதன் மேற்பிரிவை எங்கள் ஆட்கள் மேக்கணக்கு என்பார்கள். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் அக்கா சத்தம் போட்டு வசனம் பேசப் பழகினார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு.

தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் அந்நாளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். பல வருடங்களாக ராணி வேடம் கட்டியவர், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி, குடும்பத்தோடு தலைமன்னார் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஒத்திகையில் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், ராணி இல்லை. நாடகத்தை நடத்திய கங்காணி அப்பாவைத் தேடி வந்தார்.

“ஒங்க மகளுக்கு ராணி வசனம் பூரா மனப்பாடமாமே?”

“அவளுக்கு எல்லாரு வசனமும் தெரியும். அதான் வீட்டுல தொல்லை,” என்றார் அப்பா.

“இருந்தாலும் பொம்பளப் புள்ள மேடை ஏறுனா நாலு பேரு பேசுவாங்க.”

உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: “பேசட்டும் மாமா. நான் பேசுறப்ப மட்டும் சும்மா இருந்தா போதும்.”

அந்த ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தது. அதனால் விளைந்த நன்மை என்று நான் அறிந்தது இது ஒன்றுதான்.

பதுளையில் பாடசாலைப் படிப்பு முடிந்ததும் அக்கா கொழும்பில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களின் நாடகங்களுக்காக ஒரே வாரத்தில் “என்ன செய்யிறியள்” என்று பேசக் கற்றுக்கொண்டார். யாழ்ப்பாணத்திலேயே மேடையேறியபோது எந்த ஊர்ப் பிள்ளை என்று விசாரித்தவர்கள், பதுளை என்ற பதிலை நம்பவில்லை. வானொலி நாடகங்களில் கிழவியாகவும் பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் ஒரே நாளில் பேசிவிட்டு வருவார். குழுவில் ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்டவரே எங்கள் மச்சான் ஆனார். அக்கா பேச வேண்டிய தமிழ்கள் பல இருந்தன. தோட்டத்தில் பேசிய தமிழை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சிங்களப் படமொன்றில் தோட்டப் பெண்ணாக ஒரு சிறு வேடம் கிடைத்தது. பதுளைக் கடைவீதியில் பழகிய அக்காவின் சிங்களம் அந்த இயக்குநரின் சிங்களத்தைவிடத் தெளிவானது. கொஞ்சம் உடைத்துப் பேசும்படி அவர் கேட்டார். அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னாராம்: “பதுளையில உடைசல் கெடைக்காதுங்க. கொழும்புலதான் எங்கேயாவது வாங்கணும்.” அவர்களும் வாங்கிவிட்டார்கள். படம் வெளிவந்தபோது அக்காவின் வாயிலிருந்து வேறொரு பெண்ணின் உடைந்த சிங்களம் வந்தது.

ஒன்பதாம் பிரிவு பிறந்தது அதன் பிறகுதான். நான் அப்போது பதுளைக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞன். அடுத்து வந்த தமிழ்ப் பட ஒப்பந்தத்தை அக்கா என்னிடம் அனுப்பினார். எட்டுப் பிரிவுகள் இருந்தன. ஒன்பதாவதை நான் தட்டச்சுச் செய்து சேர்த்தேன். தயாரிப்பாளர் படிக்காமல் கையொப்பமிட்டார். படிக்காமல் இடப்பட்ட கையொப்பமும் சட்டப்படி கையொப்பமே.

படப்பிடிப்பு எங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே நடந்தது. அக்காவுக்குக் கொழுந்து எடுக்கும் பெண் வேடம். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பார்த்துவிட்டு, இதை மலையில் யாரும் பேசமாட்டார்கள் என்றார். இயக்குநர் நல்ல மனிதர். “இப்ப எப்படி வேணும்னாலும் பேசும்மா, பின்னாடி பாத்துக்கலாம்,” என்றார். அக்கா படம் முழுவதும் எங்கள் பேச்சில் பேசி நடித்தார். “பின்னாடி பார்த்துக்கலாம்” என்பதற்கு அலுவலகங்களில் உள்ள பொருளே சினிமாவிலும் உண்டு என்பது பின்னால் தெரிந்தது.

பதுளைத் தியேட்டருக்குப் படம் வந்த முதல் ஞாயிறு, தோட்டத்திலிருந்து லொறி பிடித்து ஆட்கள் வந்தார்கள். திரையில் அக்கா கூடையும் கயிறுமாகத் தலையில் மாட்டி, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே, “தாமதம் ஏற்பட்டதன் காரணம் யாதோ?” என்று கதாநாயகனைக் கேட்டார். குரல் கொழும்பு அறிவிப்பாளர் ஒருவருடையது. நல்ல குரல், செய்திக்கு உகந்தது. லொறியில் வந்தவர்கள் சிரித்தார்கள். அது சிரிப்புக் காட்சி அல்ல.

வெளியே வந்ததும் அம்மா அக்காவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, அப்ப ஒனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா?”

“ஆமாம்மா. சளி.”

தன் மகள் பெரிய மழையில் நனைந்து நடித்தாள் என்றே அம்மா கடைசிவரை நம்பினார். படத்தில் மழையே கிடையாது.

நான் ஒன்பதாம் பிரிவைச் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபாலில் எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். பின்னர் நேரில் போனேன். இயக்குநர் தேநீர் வரவழைத்துவிட்டு, “தம்பி, ஒப்பந்தத்தையெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தா படம் எடுக்க முடியுமா?” என்றார். நியாயமான கேள்விதான். வழக்குப் போடலாம், நட்டஈடு கேட்கலாம் என்று அக்காவிடம் விளக்கினேன். “காச வாங்கிட்டு அந்தச் சத்தம் என்னுதுன்னு ஒத்துக்கச் சொல்றியா?” என்று அவர் கேட்டதும் அந்த யோசனை முடிந்தது. சில காலத்தில் தயாரிப்பு நிறுவனமும் மூடப்பட்டது. கடிதம் எழுத முகவரி இல்லாமற் போவது என் போன்றவர்களுக்கு நேரக்கூடிய பெரிய துன்பம்.

அக்கா அதை நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. மறு வருடமே தாமே ஒரு நாடகம் தயாரித்து, தோட்டத்துப் பேச்சிலேயே கொழும்பு மேடையில் நடித்தார். முதல் காட்சியில் முன்வரிசை முகம் சுளித்தது. கடைசிக் காட்சிவரை யாரும் எழுந்து போகவில்லை. ஒரு ஜூலை மாதக் கலவரத்தில் கொழும்பு வீட்டைப் பூட்டவும் நேரமின்றி, மகளை ஒரு கையிலும் நாடக உடுப்புப் பெட்டியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு பதுளை வந்து சேர்ந்தார். நகைகளை விட்டுவிட்டு உடுப்பை எடுத்து வந்ததை மச்சான் பல காலம் சொல்லிக் காட்டினார். “நகைக்கு நடிக்கத் தெரியாது,” என்பது அக்காவின் பதில். திரும்பவும் கொழும்பு போனார், நடித்தார். மச்சான் திடீரென்று காலமானபோது ஒப்புக்கொண்ட மேடையேற்றங்கள் எதையும் ரத்துச் செய்யவில்லை. தொலைக்காட்சி நாடகங்களில் தாயாகவும் மாமியாராகவும் நடித்து மகளைப் பட்டதாரியாக்கினார்.

முதுமையில் பதுளைக்குத் திரும்பி என் வீட்டில் தங்கினார். அப்போதுதான் பத்திரிகையில் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். பழைய படங்களைப் பாதுகாக்கும் கொழும்பு அலுவலகம் ஒன்று (பெயர் வேண்டாம்) சில படங்களைப் புதுப்பித்து மீண்டும் வெளியிடப் போகிறதாம். சம்பந்தப்பட்டவர்களுக்கு ஆட்சேபனை இருந்தால் அறிவிக்கலாமாம். பட்டியலில் அக்காவின் படமும் இருந்தது.

ஒப்பந்தப் பிரதியை இணைத்து, குரலை மாற்ற அனுமதி கேட்டு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். ஒப்பந்தப் பிரதியை அனுப்பும்படி கேட்டார்கள். மீண்டும் அனுப்பினேன். மீண்டும் அமைதி. நான் மூன்றாவது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா செருப்பை மாட்டினார்.

“நீ எழுதிக்கிட்டே இரு தம்பி. நான் போய்ப் பேசிட்டு வந்துர்றேன்.”

“யாருகிட்ட பேசப் போறீங்க?”

“என்கிட்டதான்.”

பதுளை பஸாரில் நியாஸ் என்பவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோவில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொலைக்காட்சியில் எப்போதோ போன அந்தப் படத்தின் நல்ல பிரதியொன்று அக்காவிடம் இருந்தது. நியாஸ் அதைக் கணினியில் ஏற்றி, கீறல்களைத் துடைத்து, அக்கா பேசும் இடங்களில் இசையை அப்படியே விட்டுவிட்டுப் பழைய குரலை மட்டும் நீக்கினார். இப்போது அப்படிச் செய்ய முடிகிறது.

அக்காவுக்கு ஏற்கனவே நெஞ்சில் மூச்சுப் பிரச்சினை. எழுபதைத் தாண்டியவர் இருபது வயதுப் பெண்ணுக்குப் பேச வேண்டும். பழைய வசனப் பிரதி இல்லை. இருந்தாலும் பயனில்லை, அதைத்தான் அவர் அன்று பேசவே இல்லையே. இதை நான் எடுத்துச் சொன்னேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எதுக்குப் பிரதி? என் வாயப் பாரு. என்ன சொல்றேன்னு தெரியுதுல்ல,” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. சத்தமில்லாத திரையில் தம் உதடுகளைப் பார்த்துப் பார்த்து, அன்று மலையில் நின்று பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப எடுத்தார். அந்தத் தாமதக் காட்சியும் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினார்:

“ஏங்க இம்புட்டு நேரம்? அட்ட என்னயப் பாதி குடிச்சிருச்சு.”

உதடும் ஒலியும் ஒட்டிக்கொண்டன. நியாஸ் நாற்காலியில் திரும்பினார்.

“மாமி, இது எப்ப ரெக்கோட் பண்ணின சத்தம்?”

“இப்ப தான்டா பேசுனேன், ஒனக்கு முன்னாடி.”

“இல்ல மாமி, கண்ண மூடிக் கேட்டா சின்னப் பிள்ளையொன்னு பேசுது.”

“கண்ணத் தொறந்துக்கிட்டு வேலயப் பாரு. மூச்சு இருக்கயில முடிக்கணும்.”

ஒரு வசனம், ஒரு வாய் வெந்நீர், சிறிது ஓய்வு. அப்படியே பல வாரங்கள் போய் முடித்தார். முடிந்த பிரதியை, “குரல் மாற்றப்பட்ட பிரதி, தங்கள் அனுமதிக்காக” என்று தெளிவாகக் குறிப்பிட்டு, நினைவூட்டலுடன் இணைத்து அனுப்பினேன். இணைப்புகளைப் பார்ப்பவர்கள் முகப்புக் கடிதத்தைப் படிப்பதில்லை என்பது அலுவலக அனுபவம் உள்ள எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் அக்காவின் உடல்நிலை இறங்கியது. பதுளை வைத்தியசாலையில் கடைசி வாரங்களைக் கழித்தார். நோயாளர் விடுதியில் இருந்தவர்கள் அவரைத் தொலைக்காட்சி மாமியாராக அடையாளம் கண்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த உண்மையான மாமியார்களுக்குப் புத்தி சொல்லும்படி கேட்பார்கள். மூச்சு வாங்கினாலும் சொல்வார். கார்த்திகை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில், மகள் அருகில் இருக்க, அமைதியாக விடைபெற்றார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கொழும்பிலிருந்து ரயிலேறி வந்து பாடை சுமந்த நாடகக் கலைஞர்களுக்கும், அன்று வேலைக்குப் போகாமல் மேக்கணக்கிலிருந்து லொறியில் வந்த எங்கள் ஆட்களுக்கும், அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்த வெந்நீருக்குத் தவிர, செய்த வேலை எதற்கும் காசு வாங்காத நியாஸுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. யாரையேனும் விட்டிருந்தால் அறியத் தாருங்கள். நான் உடனே பதில் எழுதுவேன்.

எஞ்சியிருப்பது கொழும்பின் பதில். அது அக்கா உயிரோடிருந்தபோதே வந்தது. வைத்தியசாலைக்கு எடுத்துச்சென்று கட்டிலருகில் நின்று வாசித்தேன்.

“தாங்கள் அனுப்பிய பிரதி எமது குழுவினால் பார்வையிடப்பட்டது. அதில் கதாநாயகியின் குரல் பாத்திரத்தின் இளம் வயதுக்கும் பிரதேசத்துக்கும் முற்றிலும் பொருத்தமாகவும், உதட்டசைவோடு இயல்பாக இணைந்தும் உள்ளது. எனவே குரலை மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை. தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. இப்பிரதி எம்மிடமுள்ளதைவிடத் தெளிவாக இருப்பதால் இதையே வெளியிடத் தீர்மானித்துள்ளோம்.”

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“இளம் வயசுங்கிறத மட்டும்.”

அதையும் படித்தேன். பிறகு, அவர்கள் எது பழைய குரல், எது புதிய குரல் என்று தெரியாமல் முடிவெடுத்திருக்கிறார்கள், தவறான அடிப்படையில் எடுக்கப்பட்ட தீர்மானம் செல்லாது, நான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஒன்னக் கும்பிடுறேன்டா தம்பி. இந்த ஒரு தடவ மேன்முறையீடு போடாத.”

நான் போடவில்லை. கடிதத்தில் கொழும்பு அலுவலகம் திகதி இட மறந்திருந்தது. ஆகவே, பெற்றுக்கொண்ட நாளை நானே அதன் மூலையில் குறித்து வைத்தேன்: தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலைத் தபால்.