ஐந்து செட்டும் ஆறு வரி ஃபங்ஷனும்

கல்லூரி முடித்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, மீஞ்சூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து தினமும் பஸ். அங்கே பாடம் எடுத்த மேடம், ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் தினமும் ஐந்து ஃபங்ஷனாவது எழுதிப் பழகச் சொன்னார். ஒரே வேலையைப் பத்து இடத்தில் எழுதாமல் அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வதுதான் ஃபங்ஷன். நான் வாசலில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் எழுதுவேன்.

"உம் பொண்ணு எப்பப் பாரு இன்னா பண்ணுது?" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டார்.

"ஃபங்ஷன் எழுதுதுக்கா."

"சொல்லவே இல்ல பாத்தியா! மண்டபமா, வீட்லயா?"

அம்மா விளக்கம் சொல்லப் போகவில்லை. இரண்டு நாளில் மாப்பிள்ளை மீஞ்சூர் பக்கமாமே என்று விசாரித்தார்கள்.

பயிற்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பெயரைக் கொடுத்தால் வணக்கம் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணைக் கொடுத்தால் கூட்ட வேண்டும். யார் யாருக்கோ வணக்கம் சொல்லிச் சலித்துப்போய், ஊர் விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் யார் வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. எங்கள் ஊர் மீனவர்கள் ஐந்து குழு; குழுவை நாங்கள் செட்டு என்போம். ஒரு செட்டுக்கு ஒரு நாள். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு யார் பாடு என்று ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும், அடுத்த பத்து நிமிடத்தில் சண்டையும் வரும். தேதியைக் கொடுத்தால் செட்டு எண்ணைச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். மொத்தம் ஆறு வரி.

என் அப்பா, நைனா, எட்டிப் பார்த்தார். அவர் மூன்றாவது செட்டு. "கரெக்டா சொல்லுதே!" என்று டீக்கடைக்குப் போனார். சாயங்காலமே ஊர்த் தலைவர் கமிட்டி ஆட்கள் இருவரோடு வந்துவிட்டார்.

"பாப்பா, இனிமே பாட்ட மிஷினே சொல்லட்டும். சண்டையே வராது பாரு. ஒரே ஒரு சின்ன விஷயம்மா. செட்ல எவனாவது கல்யாணம் காட்சின்னு பூட்டா, அந்த மொறய மறுநாளைக்குத் தள்ளி வெச்சிரு."

இன்னொருவர் சாவு வீட்டைச் சேர்த்தார். மூன்றாமவர் எஞ்சின் ரிப்பேரைச் சேர்த்தார். மச்சான் வீட்டு விசேஷம் சொந்த விசேஷத்தில் சேருமா என்று அரை மணி நேரம் விவாதித்துச் சேரும் என்று முடிவானது. தலைவருக்கு மச்சான்கள் நான்கு பேர். இந்த விலக்குகளுக்கென்று தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஆறு வரி அறுபது வரியானது. அத்தனையும் ஊர் நன்மைக்கு என்று தலைவர் சொன்னார்.

முதல் நாள் முதல் செட்டு என்று வந்தது. அது தலைவருடைய செட்டு, முறையும் அவருடையதுதான். இரண்டாம் நாளும் முதல் செட்டு என்றே வந்தது. ஏதாவது விலக்கு வேலை செய்திருக்கும் என்று நினைத்து அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டாம் செட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாளும் அதே பதில். தலைவர் டீக்கடையில் இரண்டு கையையும் விரித்தார். "நா இன்னா பண்ண? கம்ப்யூட்டரே சொல்லுது."

வலையோடு கிளம்பிய நைனா பாதியில் திரும்பி வந்தார். வலையை வாசலில் போட்டார். பொண்ணைத் தலைவரிடம் விற்றுவிட்டான் என்று யாரோ அவர் காதுபடச் சொல்லியிருந்தார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். செட்டு எண்ணுக்கு n என்று பெயர் வைத்திருந்தேன். விலக்குகளைப் பார்க்கும் ஃபங்ஷனுக்குள்ளும் வேறெதற்கோ அதே n, அதன் மதிப்பு எப்போதும் ஒன்று. இது இந்த ஃபங்ஷனுக்கு உள்ளே மட்டும் என்று காட்ட, உள்ளே இருப்பதற்கு முன்னால் local என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். எழுதாததால் உள்ளே வைத்த ஒன்று வெளியே இருந்த எண்ணை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. எந்த நாளைக் கொடுத்தாலும் முதல் செட்டுதான். லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

தலைவர் வீட்டுக்கு ஓடினேன். "தலைவரே, தப்பு என்னோடது. ஒரு வார்த்தைய விட்டுட்டேன்."

"இன்னா வார்த்தை?"

"லோக்கல்."

"நாம எல்லாரும் லோக்கல்தானேம்மா? அத வேற எழுதணுமா? நல்லாத்தான ஓடுது, எதுக்கு நோண்டுற?"

நான் லேப்டாப்பை டீக்கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். வார்த்தையைச் சேர்த்து, எல்லோர் முன்னாலும் ஏழு நாளுக்கு ஓட்டிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தது. தப்பு யாருடையது என்று சத்தமாகவே சொன்னேன். நைனா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அப்ப எங்க நாளு?" என்று இரண்டாம் செட்டுக்காரர் கேட்டார்.

"அப்பால பாத்துக்கலாம்" என்றார் தலைவர். மறுநாளே கமிட்டி கூடி, நம் ஊர்ப் பழக்கவழக்கம் மிஷினுக்குப் புரியவில்லை, பாடு விஷயத்தில் இனி கம்ப்யூட்டர் கூடாது என்று முடிவெடுத்தது. நைனாவுக்குப் போன நாள் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அறுபது வரியையும் அழித்துவிட்டு, பழைய ஆறு வரியை மட்டும் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் முதலில் நைனா, இன்றைக்கு யார் பாடு என்று கேட்டார். பிறகு இரண்டாம் செட்டுக்காரர் அந்தப் பக்கமாகப் போவதுபோல் வந்து கேட்டார். போன வாரம் தலைவரே போன் செய்தார். யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "பாப்பா, நாளைக்கு யாரு?" என்றார்.

"நாலாவது செட்டு, தலைவரே."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"செரி, நா கேட்டேன்னு வெளிய சொல்லாத" என்று போனை வைத்தார்.