பனிக்கட்டிக்குள் பேரிப் பூ

வில்மினுக்குக் கைத்தொழில் முடி வெட்டுவது. கல்யாணமாகி பழத்தோட்டங்கள் நிறைந்த பெட்டுவே பகுதிக்கு, கணவன் ஏவெர்ட்டின் பேரிக்காய்த் தோட்டத்துக்கு வந்த பிறகும் அவள் கத்தரிக்கோலை விடவில்லை. அக்கம்பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அவளுடைய சமையலறை நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். தோட்டத்தில் மற்ற வேலைகளை ஏவெர்ட் பார்த்துக்கொண்டான். தண்ணீர் வேலை மட்டும் எப்படியோ அவள் கைக்கு வந்துவிட்டது.

வந்த வருடமே, பூக்கும் காலத்தில் உறைபனி விழுந்தது. கணவன் மரங்களின் மேல் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து, "உனக்கென்ன பைத்தியமா? நடுங்குற குழந்தை மேல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்று கத்தினாள்.

"எங்கப்பா ஊத்தினாரு, நானும் ஊத்துறேன்" என்றான் ஏவெர்ட்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கண்டவர்களைக் கேட்டும், கிளைகளுக்கு நடுவே வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டும் தானாகவே தெரிந்துகொண்டாள். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள சூட்டை வெளியே விடுகிறது. மேலே மேலே புதுத் தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டிருக்கும் வரை, உள்ளே இருக்கும் பூவுக்கு அந்தச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். பூவின் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அது உறைந்து பருத்தால் உள்ளுக்குள் எல்லாம் கிழிந்துபோகும்.

"உள்ள இருக்கிற தண்ணியைக் காப்பாத்தத்தான் வெளியில தண்ணி" என்று முடி வெட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். தலை அவள் கையில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு ஏப்ரலில் தோட்டம் முழுவதும் பூத்து நின்றபோது மறுபடியும் உறைபனி வந்தது. இந்தப் பூக்கள் கருகினால் அந்த வருடம் ஒரு பேரிக்காய்கூடக் கிடையாது. இரவு முழுக்கப் பம்பு வைத்துத் தண்ணீர் தெளித்ததில், விடிந்தபோது ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள் அடைத்து வைத்ததுபோல் இருந்தது. வில்மின் இடுப்பளவு ரப்பர் காலணியோடு வாய்க்காலில் நின்று, பம்பின் உறிஞ்சுகுழாய் வலையில் ஒட்டும் பாசியை வழித்துக்கொண்டிருந்தாள். நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே வந்தது. குழாயின் வாய் வெளியே தெரிந்துவிட்டால் பம்பு காற்றை இழுத்து நின்றுவிடும்.

கொழுந்தன் கைஸ்பெர்ட் கரையில் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். "அண்ணி, போதும், நிறுத்துங்க. வெயில் வந்தாச்சு. வெப்பமானியும் பூஜ்யத்துக்கு மேல ஏறிடுச்சு."

"மரத்துல பனிக்கட்டி இருக்குல்ல?"

"அது தானா உருகிடும்."

"உருகும். உருகறதுக்கு வேணுங்கிற சூட்டை யார்கிட்டேருந்து பிடுங்கும்? பூகிட்டேருந்துதான். காத்து வேற காய்ஞ்சு அடிக்குது. என்கிட்ட முடி வெட்டிக்கிட்டு ஈரத்தலையோட சைக்கிள்ல போனியே, அன்னிக்கு என்ன கத்து கத்தினே!"

"காது ரெண்டும் விழுந்துடும்னு நெனச்சேன் அண்ணி."

"பூவுக்குக் கத்தத் தெரியாது. இறங்கி வந்து வலையைப் பாத்துக்க. நான் ரூலோஃப் வீட்டுக்குப் போறேன்."

"எனக்கு ரப்பர் காலணி இல்லையே?"

"அப்ப கால் நனையும்."

பக்கத்துத் தோட்டக்காரன் ரூலோஃபுக்கு ஆப்பிள் மரங்கள். ஆப்பிள் இன்னும் பூக்கவில்லை. அவனுடைய குளம் நிரம்பிக் கிடந்தது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு மடைதான். இரவு உடையில் காபிக் கோப்பையோடு கதவைத் திறந்தான்.

"ரூலோஃப், மடையைத் திற. வாய்க்கால் வத்திப்போச்சு."

"என் ஆப்பிள் பூக்குறப்போ பனி விழுந்தா நான் எதை ஊத்துறது?"

"அதுக்குள்ள மழை வரும். வரலைன்னா ஆத்துலேருந்து குழாய் போட்டு நாங்களே உன் குளத்தை ரொப்பித் தரோம்."

"போன தடவை என் காதுக்கு மேல படிக்கட்டு வெட்டினவதானே நீ?"

"நீ தலையை ஆட்டினே. இப்ப ஆட்டேன், சரின்னு!"

அவன் சிரித்துவிட்டான். இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். இருவரும் சேர்ந்து, ஊறிப்போயிருந்த மடைப்பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். தண்ணீர் ஒரு உறுமலோடு வாய்க்காலில் பாய்ந்தது.

அவள் திரும்பி வந்தபோது குழாயின் வாய் நன்றாக மூழ்கியிருந்தது. முழங்காலுக்கு மேல் ஏறிய தண்ணீரில் கைஸ்பெர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு பாசி வழித்துக்கொண்டிருந்தான். வில்மின் மரத்தடிக்குப் போனாள். பனிக்கட்டி மெல்ல இளகிவந்தது. கிளைக்கும் கட்டிக்கும் நடுவே நீர் ஓடத் தொடங்கியது. அப்போதும் அவள் பொறுத்திருந்தாள். விரலால் சுண்டியதும் கட்டி கழன்று விழுந்த பிறகுதான் பம்பை நிறுத்தினாள். தோட்டம் முழுக்கப் பனிக்கட்டி பொலபொலவென்று கொட்டியது.

தோட்டத்தின் மறுகோடியில் தெளிப்பான்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஏவெர்ட் மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் நின்றான். வில்மின், குளிர் அதிகம் தங்கும் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் அதைப் பிளந்தாள். உள்ளே கறுத்திருந்தால் முடிந்தது.

"என்ன?" என்றான்.

"பச்சை."

"இன்னொண்ணு பாரு."

இன்னொன்றும் பச்சை. அடுத்த மரத்திலும் பச்சை. ஏவெர்ட் அவளுடைய சில்லிட்ட கைகளை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

வாய்க்கால் பக்கமிருந்து குரல் வந்தது. "அண்ணி! பச்சைன்னா நான் வெளிய வரலாம்தானே?"