அத்தான் மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். எங்கள் வீட்டில் அது நடக்காது. எங்கள் வீட்டு மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். ஊர் ஆயக்குடி. அங்கே கொய்யாத் தோப்பு உண்டு. பழனி ரோட்டில் கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது என்று ஒரு கடையும் உண்டு. மாப்பிள்ளை ஒருத்தர் இந்தத் தொழிலில் இருக்கும்போது வெளியாளிடம் போய் வாங்கினால் என்ன ஆகும் என்று, பெண் கொடுத்த எந்தக் குடும்பத்துக்கும் விளக்கத் தேவையில்லை.

எனக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்பார்கள். மில்லில் கணக்கு எழுதுகிறேன், பகலெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். வீட்டில் எனக்கு அது விளையாட மட்டும்தான். லாரி ஓட்டுகிற விளையாட்டு. முப்பதை நெருங்குகிற பொம்பளை லாரி ஓட்டி விளையாடுகிறாள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கல்ஃபில் இருக்கும் என் அண்ணனும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. சாயங்காலம் நான் மில்லிலிருந்து வந்ததும் இருவரும் விளையாட்டுக்குள் நுழைவோம். எந்த நாட்டு மலையோ தெரியாது, அவன் லாரி முன்னால் போகும், என் லாரி பின்னால் போகும்.

லாரியா முக்கியம்? பேச்சுதான். போனில் என் அண்ணன் வேறு ஆள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அப்பா அங்கே வெயில் எப்படி என்பார், அம்மா சோறு என்ன என்பாள், என் முறை வரும்போது "வேற என்ன?" என்பான், "ஒண்ணுமில்லண்ணே" என்பேன், முடிந்தது. லாரியில் ஏறிவிட்டால் மட்டும் வாய் திறக்கும். கண் ரோட்டில் இருக்கும், காதில் ஹெட்போன் இருக்கும். கல்ஃபுக்குப் போன புதிதில் ரூமில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்ததை அவன் சொன்னது ஒரு பாலத்தைக் கடக்கும்போது. மில் வேலையை விட்டுவிடலாமா என்று நான் கேட்டதும் அப்படி ஒரு வளைவில்தான். வீட்டில் வேறு யாருக்கும் இதெல்லாம் தெரியாது.

இந்த நேரத்தில்தான் விளையாட்டைப் புதுப்பித்துத் தொலைத்தார்கள். என் பழைய மெஷினால் அதை இழுக்க முடியவில்லை. லாரி நிற்கும், மூச்சு வாங்கும், திடீரென்று தாவிப் பள்ளத்தில் விழும். அண்ணன் கம்பெனியில் வேறு, ஆடி முடியும்போது அவனைப் பாலைவனத்துக்கு உள்ளே ஒரு சைட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம். அங்கே போன் சிக்னலே தட்டுத்தடுமாறித்தான் வருமாம், விளையாட்டுக்கெல்லாம் வழியே இல்லையாம். அதற்குள் மிச்சமிருக்கிற வெள்ளிக்கிழமைகள் எனக்கு வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ரெடிமேடாக ஒன்று பார்த்தேன். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீலமும் பச்சையுமாக லைட்டு. தூக்கிக்கொண்டு வந்து பிளக்கைச் சொருகினால் அன்றைக்கே ஓடும். அண்ணன் விடவில்லை.

"ஏலே, ரெடிமேடு வாங்காத. வெளிய லைட்டப் போட்டுக் காட்டுவாய்ங்க, உள்ள மட்டமான பவர் சப்ளைய வச்சுத் தள்ளிருவாய்ங்க. பார்ட்டு பார்ட்டா நான் சொல்றேன், வாங்கு. அத்தான்ட்ட குடுத்தா செத்த நேரத்துல மாட்டிருவாரு."

என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவான். தங்கச்சி என்பதே அவனுக்கு எப்போதோ மறந்துபோயிற்று. சரி என்று அவன் சொன்னதையெல்லாம் வாங்கினேன். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, இதையெல்லாம் உள்ளே மாட்டுகிற கூடான கேபினெட் என்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. அம்மா எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அத்தான் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து, சாப்பிட்டுவிட்டு, பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கினார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்தர்றனுங்க."

அவர் எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அந்தப் பக்கத்து மரியாதை.

அடுத்த ஞாயிறு அத்தான் வந்தார். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. கம்ப்யூட்டர் வரவில்லை.

"பவர் சப்ளை பத்தாதாட்ட இருக்குதுங்க. பாக்கோணும்."

அண்ணனிடம் கேட்டேன். அவன் கணக்குப் போட்டு, தாராளமாகப் போதும் என்றான். அதை அத்தானிடம் பணிவாக, அவர் மனம் கோணாதபடி, நான்கு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "அப்படீங்களா" என்றார். அடுத்த முறை, கார்டு கேபினெட்டுக்குள் இடிக்கிறது என்றார். அண்ணன் அளவு பார்த்துத்தான் வாங்கச் சொல்லியிருந்தான். அதையும் சொன்னேன். "சரீங்க" என்றார். மறுபடியும் கொய்யா வந்தது. எங்களால் தின்று தீர்க்க முடியாமல் மில்லில் உட்காருகிற அத்தனை பேருக்கும் கொடுத்தேன். கொய்யா தின்றவர்கள் எல்லாரும் அத்தானைத் தங்கமான மனுஷர் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஆடி பிறந்தது. அத்தான் போனில் சொன்னார்: "புது மெஷின ஆடில ஆன் பண்ண வேண்டாமுங்க. ஆடி போகட்டுமுங்க." அம்மாவும் உடனே ஆமாம் போட்டாள். ஊரிலுள்ள துணிக்கடையெல்லாம் ஆடித் தள்ளுபடியில் நெரிகிறது, மனுஷர்கள் டிவி வாங்குகிறார்கள், பிரிட்ஜ் வாங்குகிறார்கள், என் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆடி ஆகாதாம். ஆடி போனால் அண்ணனும் போய்விடுவான். வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவன் தனியாக லாரி ஓட்டுவதாகச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நானே மாட்டிக்கிறேன். வீடியோவப் பாத்தா சின்னப் பிள்ளை கூட மாட்டும். பெட்டியெல்லாம் திருப்பித் தரச் சொல்லும்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை கையில குடுத்தத திருப்பிக் கேக்குறதா? கேட்டுட்டு நீ பாட்டுக்கு லாரி ஓட்டுவ. ஒங்க அக்கா அந்த வீட்டுல இருக்க வேண்டாமா?"

அப்பாவைப் பார்த்தேன். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

காசு கொடுத்துக் கடையில் மாட்டச் சொல்லியிருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். இவர் சும்மா செய்து தருகிறார். அதனால் கோபிக்க முடியாது, அவசரப்படுத்த முடியாது, முகத்தைக் கூடச் சுளிக்க முடியாது. சும்மா கிடைக்கிற வேலையைப் போல உயிரை வாங்குவது வேறெதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் பஸ் ஏறி ஆயக்குடிக்கே போய்விட்டேன். அத்தான் தோப்புக்குப் போயிருந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே பார்க்கிறேன், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு போட்டு மூடி என்னமோ இருக்கிறது. துண்டை எடுத்தேன். என் கேபினெட். உள்ளே எல்லாம் மாட்டி, வயர்களையெல்லாம் ஒழுங்காக இழுத்துக் கட்டி, ஒரு தூசி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கார்டு எங்கும் இடிக்கவில்லை.

"என்னக்கா இது?"

"அது என்னைக்கோ முடிஞ்சிருச்சுடி. கொண்டாந்த ரெண்டாம் நாளே உக்காந்து மாட்டிட்டாரு."

"அப்புறம் ஏன் தரல?"

அக்கா என் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"ஒங்க அண்ணன் அவருக்கு ஒரு போன் பண்ணானா? அத்தான், தங்கச்சிக்கு ஒரு மெஷின் மாட்டிக் குடுங்கன்னு ஒரு வார்த்த கேட்டானா? ஓன்ட்ட சொல்லி விடுறான். பவர் சப்ளை போதும்னு சொல்லு, கார்டு இடிக்காதுன்னு சொல்லுன்னு ஓன்ட்டயே பாடம் நடத்தி விடுறான். அவன் இவர அத்தானா நெனக்கிறானா, மெக்கானிக்கா நெனக்கிறானா? போன தடவ லீவுல வந்தப்பவே இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அதையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை நாள் பவர் சப்ளையைப் பற்றிப் படித்தேன், கேபினெட் அளவைப் பற்றிப் படித்தேன். பத்தாமல் போனது மரியாதை. அதைக் கடையில் எங்கே போய்க் கேட்பது?

ஆயக்குடி பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே வேலை நேரம். இருந்தும் எடுத்தான்.

"அண்ணே, அத்தானுக்கு ஒரு போன் பண்ணு."

"எதுக்கு?"

"நீ ஒரு வார்த்த கேக்கலையாம்."

"ஓன்ட்ட சொன்னேன்ல? அதுக்குமேல வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்?"

"ஆமா. வைக்கணுமாம்."

"அம்புட்டு வீம்பா? அப்ப வேணாம் விடு. கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்க."

"ரெடிமேடா? மொதல்ல நான் என்ன சொன்னேன்? மொதல்ல என்ன சொன்னேன்!" என்று நடுரோட்டில் கத்தினேன். கொய்யாக் கூடை வைத்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "எனக்கு மெஷினும் வேணாம், லாரியும் வேணாம். நீ போறதுக்குள்ள ஒருநா ஓங்கூட பேசணும். அதுக்குத்தான் இம்புட்டு நாளா நாயா அலையிறேன். ஒனக்கும் புரியல, அவருக்கும் புரியல."

"சரி, பஸ் ஏறு" என்று வைத்துவிட்டான்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அத்தானிடமிருந்து போன். குரலே வேறாக இருந்தது. "மச்சான் கூப்பிட்டாருங்க! ரொம்ப நேரம் பேசுனாருங்க. வெள்ளிக்கெழமயே கொண்டாரனுங்க."

அது அண்ணன் கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி வெள்ளி. சொன்னபடி அத்தான் காரில் வந்தார். மெஷினைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டிருந்தார். பக்கத்தில் அக்கா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசலிலேயே, "ஆடியாச்சே மாப்பிள்ளை" என்று இழுத்தாள்.

"ஆடி வெள்ளி நல்ல நாள்தானுங்க அத்தை" என்றார்.

வயரெல்லாம் சொருகி ஆன் செய்தார். மெஷின் சத்தமில்லாமல் எழுந்தது. விளையாட்டை முதல் நாளே ஏற்றி வைத்திருந்தார். அந்த மட்டுக்கும் நல்லது. நுழைந்தவுடன் அண்ணனின் லாரி ரோட்டோரமாக எனக்காக நிற்பது தெரிந்தது. நாற்காலியை இழுத்தேன். அத்தான், "இருங்க, மைக்கு எடுக்குதான்னு பாத்தர்றேன்" என்று என் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மச்சான், கேக்குதுங்களா?"

கேட்டது போலிருக்கிறது. அத்தான் சிரித்தார். "நானுங்களா? எனக்கு வராதுங்க மச்சான். சரி, சொல்லிக் குடுங்க."

லாரி கிளம்பி நேராகப் பள்ளத்துக்குள் போனது. மறுபடி ஏற்றினார், மறுபடி போனது. அண்ணன் அங்கே என்ன சொன்னானோ, அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். ஹெட்போன் அவர் காதில் இருந்ததால் எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. செத்த நேரத்தில் லாரி ரோட்டில் நேராக ஓட ஆரம்பித்தது. அத்தானின் குரலும் இறங்கியது. கடைக்கு இப்போது ஆள் வருவதில்லை என்றார். எல்லாரும் ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறார்கள், ரிப்பேருக்குக் கூட யாரும் வருவதில்லை, மூடிவிட்டுத் தோப்போடு நின்றுவிடலாமா என்று இருக்கிறது என்றார். கண் ரோட்டிலேயே இருந்தது. அந்த லாரியில் ஏறினால் எல்லாரும் அப்படி ஆகிவிடுகிறார்கள் போல.

நான் அப்பாவிடம் போய், "அவர எந்திரிக்கச் சொல்லுங்கப்பா" என்றேன். "மாப்பிள்ளை சந்தோஷமா இருக்காரு, விடும்மா" என்றார். அம்மா வடையும் பாயசமும் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று நானே கேட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இதெல்லாம் எங்கிட்டயே சொல்லலடி" என்றாள்.

அதற்கு மேல் நான் என்ன செய்வது? கட்டிலில் உட்கார்ந்து அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாகக் கோபப்படக் கூட விடமாட்டார்கள் இந்த வீட்டில்.

வெளியே இருட்டிய பிறகு அத்தான் ஹெட்போனைக் கழற்றினார். "மச்சானுக்குப் பெட்டி கட்டோணுமாமுங்க, போய்ட்டாரு. மெஷின் அருமையா ஓடுதுங்க. ரெடிமேடுல இந்த ஓட்டம் வராதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன வடையை எடுத்துக் கடித்தார். நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். ரோடு காலியாக இருந்தது.

மறுநாள் மில்லில் கணக்கு முடிக்கிற நாள், போனைப் பையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், காலையிலேயே அண்ணன் அனுப்பிய மெசேஜ் கிடந்தது. சைட்டுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அனுப்பியிருக்கிறான்.

"அத்தான் பாவம்லே. நல்லா பேசுனாரு. நீதான் கடைசி வரைக்கும் வரவே இல்ல. தூங்கிட்டியா?"

"தூங்கலண்ணே. பின்னாடிதான் உக்காந்திருந்தேன்" என்று உடனே அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.