நாலாவது படி

ஏணியின் முதல் படியில் கால் வைக்கும் முன் தொட்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்: "புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்" என்பார் அவர் மனைவி.

அந்த அம்மாள் அரை நிமிடம் முன்பே பிடித்தாயிற்று என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் தொட்டிக்காரருக்குக் கால் எழும்பாது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இரண்டு வீடு என்று இருபத்தாறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவது அவர் தொழில். வீட்டுக்குள் படிக்கட்டு இருந்தாலும் வெளியே ஏணி சாத்தித்தான் ஏறுவார். "சேத்துக் காலோட உள்ள வந்தா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க சார், உங்க வீட்டம்மா சொல்லுவாங்க" என்பார். தோளில் ரப்பர் குழாய்ச் சுருள், கையில் மூடி போட்ட வாளி, அதற்குள் பிரஷ். மாடிக்குப் போனதும் விரலை மடக்கித் தொட்டியை இரண்டு தட்டு தட்டிக் காது கொடுப்பார். பிறகு உள்ளே இறங்கிவிடுவார். அப்புறம் பேச்செல்லாம் தொட்டிக்குள்ளிருந்துதான். தான் பேசுவது வெளியே கேட்காது என்பது அவர் நினைப்பு. தெருமுனையில் இஸ்திரி போடுபவர் வரை கேட்கும். "அடிவண்டலைப் பாத்தா வீட்டைச் சொல்லிடுவேன்" என்று ஒருமுறை உள்ளிருந்து முழங்கினார். எங்கள் வீட்டைப் பற்றி என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

கீழே நிற்கும் அம்மாளுக்கு உயரம் ஆகாது. ஏணி வேண்டாம், மாடி என்று பேச்செடுத்தாலே ஒரு கை தானாகச் சுவரைத் தேடும். ஆனால் ஏணியைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். போன் அடித்தால் அடித்துவிட்டு ஓயும். எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது கட்டெறும்பு ஒன்று அவர் கணுக்காலைக் கடித்துக்கொண்டே இருந்தது. தொட்டிக்காரர் இறங்கித் தரையில் கால் ஊன்றும் வரை அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். சுவரில் சாய்ந்திருக்கிற ஏணிக்கு இத்தனை காவலா என்று அவர் கணவரிடம் கேட்டேன். "ஏணி ஆடிடும்னு புடிக்கிறது இல்ல சார். கீழ ஆள் புடிச்சிருக்குன்னு காலுக்குத் தெரியணும்" என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, இரண்டு நிமிடம் பத்து விநாடி, எங்கள் ஊரில் கிரகணத்தில் சூரியன் முழுசாக மறையப்போகிறது என்று செய்தித்தாளில் வந்தது. வந்த மறுநாளே ஊர் அவரைச் சூழ்ந்துகொண்டது. எந்த மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்? ஊரில் இத்தனை மாடி ஏறியவர் வேறு யார் இருக்கிறார்கள்? அவரும் அள்ளி அள்ளி வழங்கினார். தையல்காரருக்கு அவருடைய மாடியே போதும் என்றார். மருந்துக்கடைக்காரரைப் பல் டாக்டர் மாடிக்கு அனுப்பினார். எனக்கு இரண்டே வாரத்தில் மூன்று இடம் சொன்னார். முதலில் அச்சகத்து மாடி. நாலு நாள் கழித்து, "அங்க வேணாம் சார், கைப்பிடிச் சுவர் குட்டை" என்று தபாலாபீஸ் மாடி. அதற்கும் பிறகு, எதிரில் வந்த என் சைக்கிளை நிறுத்தி, "தபாலாபீஸ் போயிடாதீங்க, புறா எச்சம்" என்று நூலகத்து மாடி. சூரியனைப் பார்க்கப் போகிறோமா, வீடு பார்க்கப் போகிறோமா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

இத்தனைக்கும் அவர் தனக்கென்று ஓர் இடம் முடிவு செய்யவில்லை. அவருடைய வண்டிக் கதவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு பட்டியல். எழுதி, அடித்து, அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதி, எது இருக்கிறது எது போயிற்று என்று அவருக்கே புரியாத நிலை. கேட்டதற்கு முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு மட்டும்னா எங்கேயாவது நின்னுடுவேன் சார். அவ கேட்டுட்டா."

அந்த அம்மாள் இருபத்தாறு வருடத்தில் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிரகணச் செய்தியைப் படித்துக்காட்டியபோது கேட்டிருக்கிறார்: "நீங்க தினம் மேல போய்ப் பாக்குறீங்க. நான் கீழ நின்னு உங்க குதிகாலைத்தான் பாத்திருக்கேன். இதை ஒரு தடவை உங்களோட நானும் பாக்கணும். கண்ணைத் தொறந்துட்டுப் பாக்கணும்."

கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். மாடிக்குப் போனால் அந்த அம்மாளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். தரையிலேயே பார்க்கலாமென்றால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கட்டடம். தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான். விளையாட்டு மைதானத்துக்கு ஊரே போகிறது. "அந்தக் கூட்டத்துல நசுங்கி வானத்தைப் பாக்கவா?" என்று அந்த அம்மாள் மறுத்துவிட்டார். அதனால் உயரமும் வேண்டும், உயரம் என்று தெரியவும் கூடாது. அப்படி ஒன்று நூலகத்து மாடிதான் என்று தொட்டிக்காரர் கடைசியாகத் தீர்மானித்தார். அகலப் படிக்கட்டு, நெஞ்சளவு சுவர், நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சு. பட்டியலில் அதற்கு மட்டும் இரட்டை வட்டம்.

கிரகணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை நான் நூலகத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மேலே தொட்டியில் மிதவை வால்வு உடைந்து, தண்ணீர் சுவரில் வழிந்ததால் அவசரமாக அவரை அழைத்திருந்தார்கள். மணி ஐந்து பத்து இருக்கும். ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அறைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்து விழுந்தது.

"சார்! சூரியன் தப்பான பக்கம் இருக்கு!"

வாசகர்கள் அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்ததால் குனிந்துகொண்டே எழுந்து போனேன். தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். நேர் எதிரே புதிய ஆஸ்பத்திரியின் பதினோரு மாடிகள். சூரியன் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. கட்டடத்தின் ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஒழுகியது.

"மேற்குல மறையும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா மாடிக்கு மேற்கு எதுன்னு தெரியல சார். காலையில ஆறு மணிக்கு ஏறுவேன், பதினோரு மணிக்கு எறங்கிடுவேன். மத்தியானத்துக்குள்ள தண்ணி ரொப்பணும்ல. இத்தனை வருஷத்துல ஒரு மாடியிலயும் சாயங்காலம் நின்னதே இல்ல."

அவர் பரிந்துரைத்த மாடிகள் எல்லாமே காலை வெயில் பளிச்சென்று விழுகிற மாடிகள். கிழக்கு பார்த்த மாடிகள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரிக்க வேண்டிய நான் சிரிக்கவில்லை. அந்த இரட்டை வட்டத்தை நான் பார்த்திருந்தேன்.

சனியும் ஞாயிறும் அவர் வேலைக்குப் போகவில்லை. இருபத்து மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, "நான் சொன்ன மாடி வேணாம்" என்றார். வேறு எது என்று கேட்டவர்களுக்கு, "அது எனக்கும் தெரியல" என்றார். தையல்காரர் அதற்குள் சம்பந்தி வீட்டாரை அழைத்துவிட்டிருந்தார். "இப்ப நான் அவங்களை எந்தப் பக்கம் திருப்பி உக்கார வைக்கிறது?" என்று அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. பல் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பார்த்தபோது பட்டியலை ஈரத் துணியால் துடைத்துவிட்டிருந்தார். கதவில் "4" என்று மட்டும் இருந்தது. நாலு மணி என்று எழுதியிருக்கிறாரோ, கிரகணத்தின் நேரம்கூட மாறிவிட்டதோ என்று ஒரு கணம் பதறிப்போனேன்.

"நாலு படி சார். நேத்து வீட்டு வாசல் சுவத்துல ஏணி சாத்தி அவளை ஏத்திப் பாத்தேன். நாலு படி வரைக்கும் கண்ணு தொறந்திருக்கு. அஞ்சாவது படியில மூடிக்குது. மூணு தடவை பாத்துட்டேன். நாலு படி உசரத்துல மேற்கு தெரியணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை நம்பி நானும் தேடினேன். நாலு படி உயரத்தில் மேற்கு தெரிகிற இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மைதானத்து மேடை, பள்ளிக்கூட மதில், பஸ் நிலைய நடைமேடை என்று எதைச் சொன்னாலும் அவர் முஷ்டியை மடக்கிக் கையை நீட்டிக் காட்டுவார். அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்குமாம். நடுவில் ஒரு மரம் வந்தாலும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மாலை போன் செய்தார். தொட்டிக்குள் இருக்கிறாரோ என்று நினைக்கும்படி முழங்கினார். "சார், எங்க வீடு!"

எல்லோருடைய மாடியும் ஏறிய மனிதர் தன் வீட்டில் ஓர் அடிகூட ஏறியதில்லை. அங்கே தெருக்குழாய்த் தண்ணீர்தான், தொட்டி கிடையாது. அதனால் ஏற வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டின் பின்புறம் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம். அதன் மேற்கு முடிவில் எட்டடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில்வேக்காரர்களின் சரக்கு நிலையம் என்பது அவருக்குத் தெரியும்; சத்தம் கேட்கிறதே. அதற்கும் அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் தண்டவாளமும் வானமும்தான் என்பது, அதே ஏணியை அந்தச் சுவரில் சாத்தி அவரே ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சரியாக நாலாவது படியில்.

புதன்கிழமை ஒத்திகைக்கு என்னையும் வரச் சொன்னார். ஐந்து மணிக்கே சுவரில் ஏணி சாத்தியிருந்தது. நாலாவது படியில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தார். கிரகணம் பார்க்கிற அட்டைக் கண்ணாடி இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று மனைவியின் கழுத்தில் நூலில் தொங்கியது. மற்றொன்று அவர் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஏணியருகே போய், பழக்கத்தில் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு நீ ஏறணும்" என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

முதல் படியில் கால் வைக்கும் முன் அந்த அம்மாள் கேட்டார்: "புடிச்சிட்டீங்களா?"

தொட்டிக்காரர் சற்றுத் தடுமாறினார். கேள்விதான் எப்போதும் அவருடையது, பதில் அல்ல. "புடிச்சிட்டேன்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார். எனக்குப் பயமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாரோ என்று. "தெரியுதுங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "வட்டமா, ஆரஞ்சு கலர்ல, தனியா நிக்குது. கண்ணாடியைக் கழட்டினா ரயில் பொட்டி எல்லாம் சின்னதா தெரியுது. என்னங்க, நீங்க தினம் இதையா பாக்குறீங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, நாளைக்கு நீங்க எங்க நின்னு பாப்பீங்க?" என்றார்.

தொட்டிக்காரர் சுவரைப் பார்த்தார். எட்டடிச் சுவர், அவர் மூக்குக்கு நேரே. இதை அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்காக நான் யோசித்துவிட்டேன். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்குங்க" என்றேன்.

என் கைகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இருட்டுனதும் நீங்க மேல பாத்துருவீங்க சார்" என்றார்.

"என்னங்க, புடிச்சிருக்கீங்களா?" என்று மேலேயிருந்து கேட்டார் அந்த அம்மாள்.

அவர் ஒரே ஒரு கையை எடுத்து, பையிலிருந்த கண்ணாடியை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கையையும் ஏணியில் வைத்துக்கொண்டார்.