காலால் பிறந்தவள்

வேம்பு பிறக்கும்போது தலை வரவில்லை, கால்தான் முதலில் வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய காரியம் என்று ராயபுரத்தில் அந்தத் தெருவே பேசியது. அன்றைக்கே அவளுடைய கால் ஊர்ச் சொத்தாகிவிட்டது. காலால் பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் கரி சுமக்கிறவர்களும் குடியிருக்கும் தெருவில் இடுப்புப் பிடிப்புக்கா பஞ்சம்? அவள் நடை பழகிய நாளிலிருந்தே, பொழுது விடிந்தால் யாராவது ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

முறை இதுதான். வெறும் வயிற்றோடு வந்து சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வேம்பு இடது காலால் இடுப்பில் மூன்று தடவை உதைத்து, "போச்சா?" என்று கேட்பாள். "போச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். போகவில்லை என்று சொல்ல அந்த முறையில் இடமே கிடையாது. நிறையப் பேருக்குப் போகவும் செய்தது. சுமையில் இழுத்துக்கொண்ட சதை நாலு நாளில் தானாகவே விட்டுவிடும். பேர் மட்டும் வேம்புவின் காலுக்கு. அந்தக் காலத்தில் யாராவது இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், தெருவே கூடி அவரை உதைத்து அனுப்பியிருக்கும்.

அவளுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. படிப்பு கிடையாது, நகை கிடையாது, பார்க்கவும் சுமார்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறு வராத கரி மேஸ்திரிகூட அவளை 'வேம்பம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அவளைக் கட்டிக்கொண்டவன் கோதண்டம். கப்பலுக்குக் கரிக்கூடை சுமக்கிறவன், கேலிக்காரன். "ஊருக்கெல்லாம் உதை, எனக்கு மட்டும் சோறாமே?" என்று கல்யாணமான புதிதில் கேட்டுச் சிரிப்பான். வேம்புவுக்கு வெட்கமாக இருக்கும்.

கரி ஏற்றும்போது கரையிலிருந்து கப்பலுக்குப் பலகை போட்டு ஆட்கள் வரிசையாக ஏறுவார்கள். நடுவில் ஒருத்தன் தண்ணீர் குடிக்க விலகினால் பின்னால் வருகிறவன் எல்லாம் நிற்க வேண்டும்; மேஸ்திரியின் வாயில் அவனுடைய ஏழு தலைமுறையும் நாறும். ஆகவே காலைச் சங்கு ஊதியதிலிருந்து மத்தியானம் வரை தொண்டையை நனைக்காமல் சுமப்பதை அவர்கள் ஒரு வீரமாகவே ஆக்கிக்கொண்டார்கள். அந்த வீரத்தில் கோதண்டத்தை மிஞ்ச ஆளில்லை. கூட வேலை செய்யும் சிநேகிதன் அமீர் அவனுக்கு 'ஒட்டகம்' என்று பேர் வைத்திருந்தான். வெயிலில் உடம்பில் உள்ள ஈரமெல்லாம் வேர்வையாகப் போய்விடும். ஒன்றுக்குப் போனால் மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக எரியும். எல்லோருக்கும் அப்படித்தான் போயிற்று. அதனால் அது நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் கோதண்டத்துக்கு வலி வந்தது. வலது பக்கம், முதுகில் விலாவுக்குக் கீழே பிடித்து, அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு தொடை இடுக்குவரை இறங்கியது. வாந்தி எடுத்தான். தரையில் உருண்டான். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. பிடிப்பு என்றால் அசையாமல் படுத்தால் சுகமாக இருக்கும். இவனுக்குப் படுத்தாலும் சுகமில்லை, உட்கார்ந்தாலும் சுகமில்லை. வேம்பு அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் கரி சுமக்கிறவனுக்கு முதுகு வலித்தால் அது பிடிப்பு இல்லாமல் வேறென்ன?

"ஒரு ஒத விடேன், வேம்பு" என்று அவனே கேட்டான்.

"கட்டின புருசன காலால ஒதைக்கிறதா? இன்னாய்யா பேசுற! எந்த சாமி என்ன மன்னிக்கும்?" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அமீர் விடவில்லை. "இன்னா தங்கச்சி, வூட்லயே மருந்த வச்சிகினு ஆள தவிக்க வுடுற!" என்றான். தெருவும் சேர்ந்துகொண்டது. ஊருக்கு ஆகிற கால் புருஷனுக்கு மட்டும் ஆகாதா என்று ஒருத்தி கேட்டது வேம்புவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒருநாள் காலையில் சம்மதித்தாள்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கோதண்டம் சுவரைப் பார்த்து நின்றான். வேம்பு சாமியைக் கும்பிட்டுவிட்டு, வலிக்கிற இடத்தைக் கேட்டுக்கேட்டு, அதே இடத்தில் மூன்று தடவை உதைத்தாள். அவன் கை சுவரைப் பிறாண்டியது.

"போச்சா?" என்றாள்.

"போச்சு!" என்று தெருக்கோடிவரை கேட்கக் கத்தினான். முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனாலும் சிரித்தான். கூட்டம் ஆரவாரம் செய்தது. வேம்பு அழுதுகொண்டே அவன் காலில் விழுந்து பாவத்தைக் கழித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் வலி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனான். சோறு குறைந்தது. கேட்டால் வெயில் என்றான். சாயங்காலம் உடம்பு சுட்டது. கேட்டால் கரித்தூள் என்றான். ஒன்றுக்குப் போகக் கடற்கரைப் பக்கம் தனியாகப் போய்வந்தான். அவளும் நம்பினாள். தன் காலை அவள் அவ்வளவு நம்பினாள், பாவி மகள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கோதண்டம் கூடையோடு பலகை மேலேயே சரிந்தான். அந்த அனலிலும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அமீர் ஜட்கா பிடித்து அவனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வேம்புவுக்கு ஆள் அனுப்பினான்.

டாக்டர் அருள்நாதன் நிதானமானவர். வலது விலாவுக்குக் கீழே அவர் விரலால் லேசாகத் தட்டியதற்கே கோதண்டம் அலறினான். பீங்கான் கோப்பையில் பிடித்த சிறுநீர் கலங்கி, நாற்றமடித்தது.

"ஆட்டுக்கறிக் கடையில குண்டிக்காய் பார்த்திருக்கியாம்மா?" என்று அவர் வேம்புவைக் கேட்டார். "மனுஷனுக்கும் முதுகுப் பக்கம் ரெண்டு இருக்கு. ரத்தத்துல இருக்கற அழுக்கைச் சிறுநீரா வடிச்சு அனுப்பறது அதுதான். தண்ணி குடிக்காம வெயில்ல வேலை செஞ்சா சிறுநீர் சுண்டிப்போகும். அதுல இருக்கற உப்பு படிஞ்சு கல்லாகும். அந்தக் கல்லு வழியில இறங்கறப்பதான் இப்படி விட்டுவிட்டு வலிக்கும். சின்னக் கல்லா இருந்தா, நிறையத் தண்ணி குடிச்சாலே தானா வெளியே வந்துடும். வலிக்கு நாங்க மருந்து குடுப்போம். இவருக்குக் கல்லு வழியை அடைச்சுடுச்சு. பின்னால தேங்கினது சீழ் பிடிச்சுப்போச்சு. அதான் குளிரும் காய்ச்சலும். கீறிச் சீழை எடுக்கணும்."

வேம்புவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "சாமி, நான் அந்த எடத்துலயே ஒதைச்சேன். அதால ஆச்சா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "உதைச்சா கல்லு வராதும்மா. அடிபட்டா நோவு கூடும்தான். ஆனா அதைவிட, முதல் வலியிலேயே கூட்டிவந்திருந்தா…" என்றவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கீறினார்கள். சீழ் கோப்பை கோப்பையாக வந்தது. காய்ச்சல் இறங்கி, கோதண்டம் கஞ்சி கேட்டுக் குடித்தான். வேம்பு வேண்டாத தெய்வமில்லை. ஆனால் விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. காய்ச்சல் திரும்பவும் ஏறியது. நினைவு தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு போவல, வேம்பு."

"இன்னா போவல?"

"வலி. ஒரு பொட்டு கூட போவல. உசுரே போயிடும் போல இருந்திச்சு."

"அப்புறம் ஏன்யா போச்சுன்னு கத்தின?"

"அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்க. நீயும் என் பதிலுக்கே காத்துகினு இருந்த. போவலன்னு சொன்னா உன் காலுக்கு இன்னா மருவாதி கீது? அப்பாலயும் உன்கிட்ட சொல்ல மனசு வர்ல."

வேம்புவுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "என் காலுக்கு மருவாதி வோணும்னு எவ கேட்டா? நீ இருந்தா போதும்னுதானய்யா நான் சாமி கும்புட்டேன்!" என்று வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அவன் அதற்கும் சிரிக்கப் பார்த்தான். மறுநாள் போய்விட்டான்.

இந்த ஆண்பிள்ளைகளின் பிரியத்தை என்ன சொல்வது? உயிரை விடத் தெரிந்தவனுக்கு, வலிக்கிறது என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் ஆனதும் மறுபடி வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கோதண்டத்தைக் கொண்டுபோனது காய்ச்சல், இடுப்பு வலி அன்றைக்கே உதையில் போய்விட்டது என்றுதான் தெரு நம்பியது. முதலில் வந்தவன் குமாரவேல். அதே பலகையில் கரி சுமக்கிறவன். கூட நாலைந்து பேர்.

"வேம்பம்மா, வலது பக்கம் புடிச்சிகிச்சு. அண்ணனுக்கே ஒன் ஒதையிலதான போச்சு. எனக்கும் ஒண்ணு வுடு" என்று சுவர் பக்கம் திரும்பினான்.

வேம்பு எழுந்து வந்தாள். காலைத் தூக்கவில்லை. "ஒண்ணுக்கு எப்டிப்பா போவுது?" என்று கேட்டாள்.

பொம்பிளை கேட்கிற கேள்வியா என்று அவன் நெளிந்தான். அவள் விடவில்லை. "எரியுதா? செவப்பா போவுதா? வலி தொடைப் பக்கம் எறங்குதா?"

"ஆமா" என்றான் முனகலாக.

வேம்பு கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என் புருசனுக்கு போவல. போச்சுன்னு அவரு சொன்னது பொய். என் மானத்த காப்பாத்த சொன்ன பொய். என் கால்ல ஒரு மண்ணும் இல்ல. கேட்டுக்கோங்க, அல்லாரும்."

செத்தவனைப் பொய்யன் என்கிறாளே என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. வேம்பு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து குமாரவேலின் கையில் கொடுத்தாள். முழுக்கக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று அவனுக்கு முன்னால் நடந்தாள். கோதண்டம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பேரைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டு, தெரு முழுக்க அழுதுகொண்டே போனாள்.